பன்னிரண்டு வரி நிரலுக்கு வெளியீட்டுக் குறிப்பு எதற்கு?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கும் இறுதியாண்டு மாணவர். திறந்த மூல நூற்பட்டியல் மென்பொருள் ஒன்றில் ‘கொழும்பு’ என்று தேடினால் சில நூல்கள் வருகின்றன, வேறு சில வருவதில்லை என்பதைக் கண்டிருக்கிறார். காரணத்தைத் தேடிப் பிடித்து, தட்டச்சு செய்யும் தேடுசொல்லை ஒருங்குறியின் (யூனிகோட்) என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது இரு விதமாகச் சேமிக்கக்கூடிய எழுத்தை ஒரே விதமாக்கும் வடிவத்துக்கு, மாற்றும் பன்னிரண்டு வரிகளை எழுதி அனுப்பியிருக்கிறார். மாற்றங்களை ஏற்றுச் சேர்க்கும் பொறுப்பிலுள்ள பராமரிப்பாளர் நன்றி சொல்லிவிட்டு இரண்டு விடயங்கள் கேட்டிருக்கிறார்: மாற்றத்தை இரண்டு கமிட்டுகளாக, அதாவது தனித்தனியாகப் பதியும் இரண்டு மாற்றங்களாக, பிரிக்க வேண்டும், புதிய பதிப்பில் என்ன மாறியது என்று பயனருக்குச் சொல்லும் வெளியீட்டுக் குறிப்பு ஒன்றும் சேர்க்க வேண்டும். நிரல் சரியாக வேலை செய்கிறது, என் ஆங்கிலமோ சுமார், குறிப்பை அவர்களே எழுதிக்கொள்ளக்கூடாதா, இது வெறும் சம்பிரதாயம்தானே என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: என் வேலை முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏன் முடியவில்லை என்பதை அந்தக் குறிப்பை எழுத உட்காரும்போது நீங்களே கண்டுகொள்வீர்கள். பதினைந்து வருடங்களுக்கு மேலாக வெள்ளவத்தையில் இருந்துகொண்டு திறந்த மூலத் திட்டங்களுக்கு நிரல் அனுப்பி வருகிறேன். சிறிய திட்டமொன்றில் பிறருடைய மாற்றங்களை மீளாய்வு செய்து சேர்க்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. நீங்கள் விவரித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

வழுவிலிருந்து தொடங்குவோம். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றது. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். ஒருங்குறித் தரமும் இரண்டையும் சமம் என்றே வரையறுக்கிறது, ஆனால் எளிய ஒப்பீடு செய்யும் நிரலுக்கு அவை இரு வேறு சொற்கள். நம் நாட்டில் இந்தப் பிரச்சினைக்குத் தனி வரலாறு உண்டு. ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய பதிவுகளை ஒருங்குறிக்கு மாற்றியபோது, மாற்றியைக் கவனமாக எழுதாத இடங்களில் கொம்பும் அரவும் பிரிந்தபடியே தங்கிவிட்டன. இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒற்றைக் குறியைத் தருகின்றன. ஆகவே ஒரே பட்டியலில் இரண்டு வகைப் பதிவுகளும் கலந்து கிடப்பது வியப்பில்லை. காரணத்தை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள்.

இப்போது குறிப்பை எழுத முயலுங்கள். ‘தேடலில் என்.எஃப்.சி. மாற்றம் சேர்க்கப்பட்டது’ என்பது வெளியீட்டுக் குறிப்பாகாது. அதைக் கமிட் செய்தியில் எழுதலாம். வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பவர் உங்கள் நிரலைத் திறந்து பார்க்கப் போவதில்லை. எங்கோ ஒரு கல்லூரி நூலகத்தில் கணினிப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர், இந்தப் புதிய பதிப்பை இன்றிரவு நிறுவலாமா, நிறுவினால் நாளைக் காலை வாசகர்களுக்கு என்ன மாறியிருக்கும், நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று அறிவதற்காகப் படிக்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ‘இனிமேல் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்ட பெயர்களும் தேடலில் கிடைக்கும்’ என்று எழுதுவீர்கள். எழுதி முடித்தவுடன், அது உண்மையா என்று கேளுங்கள்.

நீங்கள் விவரித்தபடி மாற்றம் தேடுசொல்லில் மட்டும் நடக்கிறது என்றால், அது உண்மையில்லை. மாற்றத்துக்கு முன் நிலைமை எப்படி இருந்தது? ஒற்றைக் குறியில் தட்டச்சு செய்தவருக்கு ஒற்றைக் குறிப் பதிவுகள் கிடைத்தன, பிரிந்த குறியில் தட்டச்சு செய்தவருக்குப் பிரிந்த பதிவுகள் கிடைத்தன. இப்போது எல்லாத் தேடுசொற்களும் ஒற்றைக் குறியாக மாறிவிடுகின்றன. தேடுவதற்காக மென்பொருள் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பட்டியலான தேடல் இன்டெக்ஸில் பழைய பதிவுகள் பிரிந்தபடியே கிடக்கின்றன. முன்பு சிலருக்காவது அகப்பட்ட அந்த நூல்கள் இனி ஒருவருக்கும் அகப்படமாட்டா. பதிவுகளை இன்டெக்ஸில் சேர்க்கும் இடத்திலும் அதே மாற்றத்தைச் செய்து, பழைய இன்டெக்ஸை ஒருமுறை முழுமையாக மீண்டும் உருவாக்கினால்தான் உங்கள் வாக்கியம் உண்மையாகும். அந்த மென்பொருள் இன்டெக்ஸ் செய்யும்போது ஏற்கெனவே இதைச் செய்துவிடுகிறது என்றால் என் கவலை வீண். ஆனால் அப்படிச் செய்திருந்தால் பிரிந்த பதிவுகளைப் பற்றி நீங்கள் கேட்கவே நேர்ந்திருக்காது என்று ஊகிக்கிறேன். உங்கள் சோதனைகள் ஏன் இதைக் காட்டவில்லை என்பதும் ஓரளவு புரிகிறது. சோதனைக்காகப் பதிவுகளை நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்திருப்பீர்கள், உங்கள் விசைப்பலகை ஒற்றைக் குறியையே தந்திருக்கும்.

ஆகவே குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையலாம்: ‘தமிழ், சிங்களம், மலையாளம் போன்ற எழுத்துமுறைகளில் ஒரே சொல் இருவேறு குறியீட்டு வரிசைகளில் சேமிக்கப்பட்டிருந்தால், தேடலில் ஒரு வகை மட்டுமே கிடைத்துவந்தது. இப்போது இரண்டும் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள பதிவுகளுக்கும் இது பொருந்த, புதிய பதிப்பை நிறுவிய பின் தேடல் இன்டெக்ஸை மீண்டும் உருவாக்க வேண்டும். அதுவரை சில பழைய பதிவுகள் தேடலில் தோன்றாமல் போகலாம்.’ கடைசி வாக்கியத்தை எழுத மனம் கூசும். நம் மாற்றத்தைப் பற்றி நாமே குறை சொல்வதுபோல் இருக்கும். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். நிறுவுபவருக்கு மிகவும் தேவைப்படும் வாக்கியம் அதுதான்.

சிங்களத்தை ஏன் சேர்த்தேன் என்றால், சிங்கள ஒகரக் குறிக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. ‘கொளம்ப’ என்ற சிங்களப் பெயரும் அதே ‘கொ’வில்தான் தொடங்குகிறது. தமிழுக்காக நீங்கள் தேடிக் கண்டது, இந்த நகரத்தின் இரண்டு பெயர்களுக்கும் சேர்த்துப் பயன்படுகிறது. மாற்றத்தைச் சேர்க்கும்படி நீங்கள் அனுப்பிய கோரிக்கையில் இதைச் சொல்லுங்கள். ஒரு மொழிக்கான சிறு திருத்தம் என்று பார்ப்பதற்கும் பல மொழிகளைத் தொடும் வழு என்று பார்ப்பதற்கும் இடையே பராமரிப்பாளரின் அக்கறையில் வித்தியாசம் இருக்கும்.

உங்கள் மாற்றம் எதைத் தீர்க்காது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ‘கெளரி’ என்று, அதாவது கொம்பிட்ட ககரத்துக்குப் பின் ளகர எழுத்தை வைத்துத் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியிலிருந்து வந்த பதிவுகளில் இது ஏராளம், ஏனென்றால் அங்கே ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒருங்குறித் தரம் இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை. என்.எஃப்.சி. இவற்றை ஒன்றாக்காது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. அதைச் சகரத்தின் வடமொழி வடிவங்கள் இரண்டில் எதைக் கொண்டும் எழுதலாம், அவை தரத்தின்படி வெவ்வேறானவை. நம்மிடையே ஸ்ரீயில் தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இவற்றையும் இதே மாற்றத்தில் தீர்க்க முயலாதீர்கள். தரம் சொல்வதைப் பின்பற்றுவது ஒரு வேலை. தரம் சொல்லாததை நம் மொழியறிவைக் கொண்டு ஊகித்துச் செய்வது வேறு வேலை, அதற்குத் தனி உரையாடல் வேண்டும். தனி வழு அறிக்கையாகப் பதிந்து வையுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் அறிக்கை தயாரிக்கும் கருவி ஒன்றுக்கு நான் ஒரு மாற்றம் அனுப்பினேன். திகதி இல்லாத கட்டங்களை அது கையாளும் முறையைத் திருத்தினேன். முன்பு வெற்றுச் சொல்லாக வந்தது, என் மாற்றத்துக்குப் பின் ‘மதிப்பு இல்லை’ என்ற தனி வகையாக வந்தது. அதுதான் சரியான நடத்தை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் குறிப்பில் ‘திகதிக் கையாளல் மேம்படுத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன். வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் சில வாரங்கள் கழித்து எழுதினார். அவருடைய மாதாந்த அறிக்கைகள் எல்லாம் பாதியில் நின்றிருந்தன, காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆகியிருந்தன. கடிதத்தில் கோபம் இல்லை. என்ன மாறியது என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும் என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த இரண்டு இரவுகளை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து ‘மேம்படுத்தப்பட்டது’ என்ற சொல்லை நான் எந்தக் குறிப்பிலும் எழுதியதில்லை.

நல்ல குறிப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் உலக நேர வலயத் தரவுத்தளத்தின் செய்திக் கோப்பைப் படியுங்கள். நம் கைப்பேசியும் சேவையகங்களும் ‘ஆசியா/கொழும்பு’ என்ற பெயரில் நேரம் கணிப்பது அந்தத் தரவைக் கொண்டுதான். 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னே தள்ளப்பட்டது, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னே வந்தது, 2006 ஏப்ரல் புத்தாண்டை ஒட்டி மீண்டும் அரை மணிநேரம் பின்னே வந்து உலக நேரத்துக்கு ஐந்தரை மணிநேரம் முன்னிருக்கும் இன்றைய நிலைக்குத் திரும்பியது. இவை எல்லாம் அங்கே பதிவாகியிருக்கின்றன. அதன் வெளியீட்டுக் குறிப்புகள் மாற்றங்களை, எதிர்கால நேரங்களைப் பாதிப்பவை, கடந்தகால நேரங்களைப் பாதிப்பவை, நிரலில் நடந்தவை என்று பிரித்துத் தருகின்றன. பிரிவின் தலைப்பைப் பார்த்தவுடனேயே படிப்பவருக்குத் தன் அவசரம் என்ன என்று தெரிந்துவிடும். எதிர்கால நேரம் மாறுகிறது என்றால் இன்றே புதுப்பிக்க வேண்டும். ஐம்பது வருடங்களுக்கு முந்திய ஒரு திகதி திருத்தப்பட்டது என்றால் பெரும்பாலானவர்கள் பொறுத்திருக்கலாம். எழுதியவருக்கு எந்தப் பகுதி கடினமாக இருந்தது என்பதற்கு அங்கே இடமில்லை.

குறிப்பை எங்கே எழுதுவது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பங்களிப்பு வழிகாட்டியில் இருக்கும். இல்லாவிட்டால் அண்மையில் சேர்க்கப்பட்ட மூன்று நான்கு மாற்றங்களைத் திறந்து பாருங்கள். பைதன் மொழிக்கான பிப், பைடெஸ்ட் போன்ற கருவிகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வழுவின் எண்ணையும் மாற்றத்தின் வகையையும் பெயராகக் கொண்ட ஒரு சிறு கோப்பைச் சேர்க்கிறார்கள், வெளியிடும் நாளில் ஒரு கருவி அவற்றைத் தொகுக்கிறது. எல்லோரும் ஒரே பெரிய கோப்பின் தலைப்பகுதியில் எழுதினால் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதே இதற்குக் காரணம். குபர்நெட்டீஸ் என்ற திட்டத்தில் கோரிக்கையின் விளக்கத்திலேயே குறிப்புக்கென ஒரு பகுதி உண்டு, பயனருக்கு எதுவும் மாறாவிட்டால் ‘இல்லை’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். காலம், வினை வடிவம் பற்றியும் ஒரே விதி கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் கமிட் தலைப்பு ஏவல் வடிவில் இருக்க வேண்டும், ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பில் இறந்தகாலத்தில் எழுதுவது மரபு. எது சிறந்தது என்று வாதாட இதில் எதுவும் இல்லை. அங்கே உள்ளவர்கள் எழுதுவதுபோல் எழுதுங்கள்.

கமிட்டைப் பிரிக்கச் சொன்னதற்கு வருகிறேன். அந்தக் கோப்பில் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தினேன் என்று நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். எந்த மாற்றத்தில் வழு புகுந்தது என்று தேட, கமிட்டுகளைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும் ஒரு வழி உண்டு. ஆயிரம் கமிட்டுகள் இருந்தால் பத்துப் படிகளில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். பிடித்த கமிட்டில் முந்நூறு வரி இடைவெளித் திருத்தத்துக்கு நடுவே பன்னிரண்டு வரி உண்மையான மாற்றம் ஒளிந்திருந்தால் அந்த வசதி பாழ். பழைய பதிப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு உங்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. லினக்ஸின் நிலையான பதிப்புகளுக்கு எடுக்கப்படும் திருத்தம், சுற்றியுள்ள வரிகளோடு சேர்த்து 100 வரிகளைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. உங்கள் திட்டம் இடைவெளித் திருத்தத்தை விரும்பவே விரும்பாது என்றால் அதை எடுத்துவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நம்மவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு தயக்கத்தினால் மாற்றத்தை எழுதி வைத்துவிட்டு அனுப்பாமலே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குறிப்பை முதலில் தமிழில் எழுதுங்கள். முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது, நிறுவுபவர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாக்கியங்கள் போதும். அவை தமிழில் தெளிவாக நின்ற பிறகு, எளிய ஆங்கிலத்தில் ஒன்றொன்றாக மாற்றுங்கள். இலக்கணப் பிழையைப் பராமரிப்பாளர் அரை நிமிடத்தில் திருத்திவிடுவார். ஆனால் தமிழில் தேடியபோது நூல்கள் காணாமல் போனதை அவர் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. குறிப்பை அவர்களே எழுதட்டும் என்று விட்டால், அறிந்தவர் எழுதாமல் அறியாதவர் எழுதுவதாகிவிடும்.

இந்த நகரத்துக்கு இந்த வேலை புதிதும் அல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு சில நாட்களிலேயே இங்குள்ள தன்னார்வலர்கள் சகானா என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அதைப் பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிட்டியிலும் பயன்படுத்தினார்கள். நேரில் ஒருபோதும் சந்திக்காத ஒருவர், அவசரத்துக்கு நடுவே, நாம் எழுதியதை நம்பி நிறுவுகிறார் என்பதற்கு அதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு உறுதி உண்டு. இனிச் சொல்வதை அவ்வளவு உறுதியோடு சொல்லமாட்டேன். நீங்கள் பயிற்சியில் இருப்பதால், இந்த நிரலை அலுவலக வேலையின் பகுதியாக எழுதினீர்களா, சொந்த நேரத்திலா என்பது முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், தொழிலின்போது உருவாக்கிய ஆக்கத்தின் பொருளாதார உரிமை தொழில்தருநருக்கு உரியது. பயிற்சி மாணவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரே சொல்ல வேண்டும். மேலாளரிடம் கேட்டு மின்னஞ்சலில் அனுமதி பெற்றுவிடுவது எளிது. பல திட்டங்கள் கமிட்டின் அடியில் உங்கள் பெயரோடு ஒப்பமிடும் வரியைக் கேட்கும். லினக்ஸில் 2004 முதல் இருக்கும் அந்த நடைமுறை, இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. பொருள் தெரிந்து ஒப்பமிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு எழுதியிருந்தால் திட்டத்தின் கொள்கையைப் பாருங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூ 2024 ஏப்ரலில் அத்தகைய பங்களிப்புகளைத் தடைசெய்தது. நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் அடுத்த மாதமே முன் அனுமதியில்லாமல் கூடாது என்றது. அனுமதிக்கும் திட்டங்களும் நிறைய உண்டு.

ஆகவே இன்று பராமரிப்பாளருக்கு ஒரு சிறு பதில் எழுதுங்கள். குறிப்பை எழுத உட்கார்ந்தபோது பழைய பதிவுகள் மறைந்துபோகும் சாத்தியம் தெரிந்தது, இன்டெக்ஸ் செய்யும் இடத்திலும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அவர் ஐரோப்பாவில் இருந்தால் பதில் நம் நள்ளிரவில் வரலாம், ஒரு வாரம் ஆனாலும் பதற்றப்படாதீர்கள். அதற்கிடையில் பிரிந்த குறியில் ஒரு பதிவும் ஒற்றைக் குறியில் ஒரு பதிவும் வைத்து நான்கு தேடல்களையும் சோதிக்கும் நிரலை எழுதுங்கள். குறியீடுகளைச் சோதனை நிரலில் எண்ணாகவே கொடுங்கள், விசைப்பலகையை நம்பாதீர்கள். சிங்களத்துக்கு உங்களோடு பயிலும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் ‘கொளம்ப’ என்று தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இரண்டிலிருந்தும் என்ன குறியீடுகள் வருகின்றன என்பதை இங்கே எழுதினால், நானும் என் பக்கத்தில் இருக்கும் கணினிகளில் பார்த்துச் சொல்கிறேன்.